கூத்து, பம்பை, ஒப்பாரி: டிஜிட்டல் பாட்டுத் தொகுப்பில் யாருக்கு எந்த அனுமதி? முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் இப்போது பல பேரிடம் பழைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் பிடித்த பம்பைப் பாட்டு, பாரதம் வைத்த (மகாபாரதக் கதைத் திருவிழா நடத்திய) ஊரில் விடிய விடிய நடந்த கூத்து, கல்யாண வீட்டு நாதஸ்வரம், டேப்ரிக்கார்டரில் எடுத்த 90 நிமிட கேசட்டு என்று வகை வகையாக. இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. ஏற்றிய பிறகு யார் கேட்கலாம், யார் இறக்கிக்கொள்ளலாம், யார் பெயரைத் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் பாதித் தொகுப்புகள் ஒரே பாஸ்வேர்டை பத்து பேர் வைத்துக்கொண்டு ஓடுகின்றன, மீதி ஒருவர் வீட்டு பென் டிரைவில் முடங்கிக் கிடக்கின்றன.

ஒரு கூத்து ஜமா (கூத்துக் குழு), ஒரு கோயில் கமிட்டி, நாலு நண்பர்கள் சேர்ந்த சேகரிப்பு என்ற அளவுக்கு எழுதுகிறேன். அதாவது ஐம்பது பேருக்குள் புழங்கும் தொகுப்பு. எந்த மென்பொருள் என்பது கடைசியில் வரும் கேள்வி. பதிவுகளையும் ஆட்களையும் முதலில் பேப்பரில் பிரித்துவிட்டால் மென்பொருளில் டிக் போடுவது அரை நாள் வேலை. பிரிக்காமல் டிக் போட ஆரம்பித்தால் அது முடியவே முடியாது.

முதல் படி: பதிவுகளை நாலு அடுக்காகப் பிரியுங்கள்

ஒரு நோட்டையோ எக்செல் ஷீட்டையோ திறந்து, உள்ள பதிவு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து போடுங்கள்.

அ என்றால் ஊரறிந்தது. திருவிழா மேடையில் மைக் வைத்துப் பாடியது, பாடியவரும் சரி என்று சொல்லிவிட்டது. ஆ என்றால் ஜமாவுக்குள் மட்டும்: ஒத்திகை, வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம், மெட்டு மறக்காமல் இருக்க எடுத்து வைத்த துண்டுகள். இ என்றால் குடும்பத்துக்கு மட்டும். ஈ என்றால் மூலப்பதிவு, கேசட்டிலிருந்து சுருக்காமல் எடுத்த பெரிய வேவ் ஃபைல், இதை யாரும் கேட்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

இந்த இ வகையில்தான் தகராறு வரும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாவு வீட்டில் எடுத்த ஒப்பாரியை வைத்துக்கொள்ளுங்கள். பாடின அம்மாவுக்கு அது பாட்டே இல்லை, தன் அண்ணனையோ மகனையோ நினைத்து அழுதது. அதில் ஊர்ப் பெயர் வரும், ஆள் பெயர் வரும், சொத்துச் சண்டை வரும், மருமகளைப் பற்றி ஒரு வரி வரும். அதை அ வகையில் போட்டால் அடுத்த வாரமே யாராவது போனில் கேட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அதே மாதிரி சாமி வரவழைக்கப் பாடும் வர்ணிப்பு. சில பம்பைக்காரர்களுக்கு அதை எங்கே வேண்டுமானாலும் போடச் சம்மதம், சிலர் "கோயிலுக்கு வெளியே அது ஒலிக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்வார்கள். இரண்டுமே அவரவர் முடிவு, நமக்கு வேலை அதைக் கேட்டு எழுதி வைப்பது மட்டும்.

சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் வழியாக நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை வந்தது. பாடியவர், ஆடியவர், வாசித்தவர் எல்லாரும் அதில் அடக்கம். 1999 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமைக் காலம் 50 ஆண்டு, நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டு முதல் நாளிலிருந்து கணக்கு. 2005 சித்திரையில் ஆடிய கூத்து என்றால் 2055 முடியும் வரை. வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு. ஆகவே டேப் என்னுடையது, மைக் பிடித்தது நான், அதனால் பாட்டும் என்னுடையது என்ற வாதம் நிற்காது. கடையில் காசு கொடுத்து வாங்கிய கம்பெனி கேசட்டாக இருந்தால் அது கண்டிப்பாக அ வகையில் போகக் கூடாது, வீட்டில் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சம்மதம் வாங்க பத்திரம் எல்லாம் அடிக்க வேண்டாம். பாடியவரிடமே போனை நீட்டி, பெயர், ஊர், தேதி, "இதை எல்லாரும் கேட்கலாம், ஆனால் வேறு எதிலும் போடக் கூடாது" என்பது மாதிரி அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். அந்த ஃபைலைப் பாட்டு இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். கையெழுத்து போடத் தயங்குகிறவர்கள்கூட பேசத் தயங்குவதில்லை.

இரண்டாம் படி: என்னென்ன செய்ய முடியும் என்று வினையாக எழுதுங்கள்

"அவருக்கு ஆக்சஸ் கொடு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. எதற்கு ஆக்சஸ்? பெயரை மட்டும் பார்ப்பது, கேட்பது, இறக்கிக்கொள்வது, புதிதாக ஏற்றுவது, விவரம் திருத்துவது, அழிப்பது, அடுத்தவருக்கு அனுமதி கொடுப்பது. இந்த ஏழும் ஏழு தனி விஷயம்.

ஆபத்தானது அழிப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அழிந்ததை பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம். கடைசியாகச் சொன்ன, அடுத்தவருக்கு அனுமதி கொடுக்கும் அனுமதிதான் நிஜமான ஆபத்து. அது ஒருவரிடம் இருந்தால் அவர் பத்து பேருக்குக் கொடுப்பார், அந்தப் பத்து பேர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. இதை இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

விவரம் திருத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டு ஃபைலுக்குள்ளேயே பாடியவர் பெயர், தொகுப்பின் பெயர், ஆண்டு எல்லாம் டேகாக உட்கார்ந்திருக்கும். எம்பி3டேக், பிகார்ட் மாதிரி மென்பொருளில் அதைத் திருத்தினால் ஃபைலே மாறுகிறது. அதாவது திருத்தும் அனுமதி என்பது ஃபைலில் எழுதும் அனுமதி. ஆகவே மூலப்பதிவில் யாரும் டேக் போடக் கூடாது, நகலில் மட்டும்தான்.

மூன்றாம் படி: ஆளுக்கு இல்லை, வேலைக்கு அனுமதி

முருகனுக்கு இது, செல்விக்கு அது என்று தனித்தனியாகக் கொடுக்க ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் யாரிடம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ஐந்து வேலை போதும். கேட்பவர் அ வகையைக் கேட்கலாம், அவ்வளவுதான். ஜமாக்காரர் அ, ஆ இரண்டையும் கேட்கலாம், ஆ வகையை மட்டும் இறக்கிக்கொள்ளலாம், ஒத்திகைக்கு வேண்டுமே. ஏற்றுபவர் புதுப் பதிவுகளை வரவுப் பெட்டி என்ற ஒரே ஃபோல்டரில் கொண்டுவந்து போடுவார், வேறு எங்கும் கை வைக்க மாட்டார். விவரக்காரர் அந்தப் பெட்டியைத் திறந்து கேட்டுப் பார்த்து, பெயர் போட்டு, சரியான அடுக்குக்கு மாற்றுவார். நிர்வாகி எல்லாவற்றுக்கும். குடும்பப் பதிவுகளுக்கு அந்தந்தக் குடும்பத்துக்கு என்று தனியாக ஒரு ஆள், பெரும்பாலும் பேரன் பேத்தி யாராவது.

இதில் ஒரு சங்கடம் கட்டாயம் வரும். ஜமாவின் தலைமை வாத்தியார். அவருக்கு நிர்வாகி அனுமதி இல்லை என்றால் மரியாதைக் குறைவாகப் போய்விடும் என்று பல பேர் பயந்துகொண்டு கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் அந்தப் போன் வீட்டுக் குழந்தைகள் கையில் விளையாடும்.

"இன்னாப்பா, என் பாட்ட நானே அழிக்கக் கூடாதா?"

"அழிக்கலாம் வாத்தியாரே, தாராளமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னிக்கே எடுத்துடறேன். பட்டன் மட்டும் என்கிட்ட இருக்கட்டும், கை தவறிப் போனா நீங்க பாடுனதே போயிடும்."

இப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முடிவெடுக்கும் உரிமை அவருக்கு, பட்டன் அமுக்கும் வேலை நமக்கு. அவருக்குச் சந்தேகம் தீர, எந்தப் பாட்டை யார் கேட்கலாம் என்ற பட்டியலை அச்சடித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: ஃபோல்டர் அமைப்பு

நாலு அடுக்கும் நாலு தனி ஃபோல்டராக, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று வைக்காதீர்கள். ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் மேல் ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கும். அ என்ற ஃபோல்டருக்குள் "ஒப்பாரி - தனி" என்று ஒன்று வைத்து, தனி என்று பெயர் போட்டதாலேயே அது தனியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது எல்லாருக்கும் திறந்தே கிடக்கும்.

இடக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். மூலப்பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்ற உயர்ந்த தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி. ஒரு 90 நிமிடக் கேசட்டு 3 ஜிபி. எட்டு மணி நேரம் ஓடிய ஒரே ஒரு ராத்திரிக் கூத்து 16 ஜிபியைத் தாண்டும், கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் அதுவே அடங்காது. அதே கூத்தைச் சுருக்கி 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 700 எம்பிக்குள் வந்துவிடும். எனவே மூலப்பதிவு வீட்டில் ஹார்டு டிஸ்க்கில், கேட்கும் நகல் மட்டும் ஆன்லைனில். செலவும் குறையும், அனுமதித் தலைவலியும் பாதியாகும், இல்லாத ஃபைலை யாராலும் திருட முடியாது.

ஃபோல்டர் பெயரில் ஊர், ஆண்டு, கூத்தின் பெயர் வந்தால் போதும். மாவட்டம் போடுவதாக இருந்தால் மட்டும் கவனம்: வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர், பழைய கேசட்டு அட்டையில் அது வட ஆற்காடு, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம். ஃபோல்டரை மாவட்டவாரியாகப் பிரித்து அதற்குமேல் அனுமதி வைத்தால் குழப்பம்தான், ஊர் பெயரோடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: எதில் வைப்பது

மூன்று வழி சொல்கிறேன், மூன்றுக்கும் குணம் வேறு.

கூகுள் டிரைவ். எல்லாருக்கும் பழக்கம், அதுதான் அதன் ஒரே பெரிய பலம். தொகுப்புக்கென்று தனி ஜிமெயில் ஒன்று திறந்து எல்லாவற்றையும் அதிலிருந்தே ஏற்றுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், சாதாரண டிரைவில் யார் ஏற்றினாரோ அவர்தான் ஃபைலின் சொந்தக்காரர், ஃபோல்டர் யாருடையது என்பது கணக்கில்லை. ஒரு பையன் தன் கணக்கிலிருந்து ஏற்றிவிட்டு, இடம் போதவில்லை என்று அழித்தால் உங்கள் ஃபோல்டரிலிருந்தும் போய்விடும். வரவுப் பெட்டியில் வந்த ஃபைலை விவரக்காரர் இறக்கி, தொகுப்புக் கணக்கிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். இரட்டை வேலைதான், வேறு வழி இல்லை.

அங்கே இருப்பது வியூவர், கமென்டர், எடிட்டர் என்று மூன்று நிலை. எடிட்டர் என்றால் திருத்த மட்டும் என்று நினைக்காதீர்கள், ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போடவும் முடியும், அடுத்தவரைச் சேர்க்கவும் முடியும். ஃபைலின் ஷேர் பெட்டியில் மேலே இருக்கும் பற்சக்கரக் குறியை அமுக்கினால் இரண்டு டிக் இருக்கும்: எடிட்டர்கள் அனுமதியை மாற்றலாம் என்பது ஒன்று, வியூவர்கள் டவுன்லோடு செய்யலாம் என்பது இன்னொன்று. முதலாவதைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள், இரண்டாவதை ஆ வகைக்கு விட்டுவிட்டு மற்றதில் எடுங்கள். "லிங்க் வைத்திருக்கும் யாரும்" என்பதை அ வகையைத் தவிர வேறெதிலும் போடாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு முறை போன லிங்க் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அழித்தது குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். இன்னொன்று, இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம், ஆகவே தொகுப்புக் கணக்கில் அவ்வப்போது லாகின் செய்யுங்கள்.

ஜெல்லிஃபின். உங்கள் கம்ப்யூட்டரையே சர்வராக்கி, அதிலுள்ள பாட்டை மற்றவர்கள் பிரவுசரிலோ போனிலோ கேட்க வைக்கும் மென்பொருள். இலவசம், பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும், என் ஓட்டு இதற்குத்தான். காரணம், ஆளுக்கு ஆள் தனித்தனியாக அனுமதி வைக்க முடிகிறது. நாலு அடுக்கில் கேட்க வேண்டிய மூன்றையும் மூன்று லைப்ரரியாகச் சேருங்கள், ஈ வகையைச் சேர்க்கவே வேண்டாம். குடும்பங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் இ வகையில் குடும்பத்துக்கு ஒரு லைப்ரரி. டாஷ்போர்டில் யூசர்ஸ் போய் ஒருவரைத் திறந்தால் ஆக்சஸ் பக்கம் வரும். எல்லா லைப்ரரிக்கும் அனுமதி என்ற டிக் ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள், அப்புறம் அவருக்கு உரியதை மட்டும் டிக் செய்யுங்கள். ப்ரொஃபைல் பக்கத்தில் சர்வரை நிர்வகிக்கலாம், டவுன்லோடு செய்யலாம், அழிக்கலாம், வெளியிலிருந்து இணையலாம் என்று தனித்தனி டிக் உண்டு. எத்தனை முறை தப்பான பாஸ்வேர்டு போட்டால் பூட்ட வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை கருவியில் திறக்கலாம் என்பதும் அங்கேயே. ஆளுக்கு இரண்டு கருவி என்று வைத்தால் ஒரே லாகினை ஊரே பயன்படுத்துவது தானாக நின்றுவிடும். டவுன்லோடு டிக் ஆளுக்குத்தான், லைப்ரரிவாரியாகக் கிடையாது. ஜமாக்காரருக்கு அதைக் கொடுத்தால் அ வகையையும் அவர் இறக்கிக்கொள்ள முடியும், அதைச் சகித்துக்கொள்ளலாம்.

நேவிட்ரோம். இதுவும் அதே மாதிரி சர்வர் மென்பொருள்தான், பாட்டுக்கென்றே செய்தது, ரொம்ப லேசு, போனில் வைக்க நல்ல ஆப்கள் உண்டு. ஆனால் அதில் அட்மின், சாதாரண யூசர் என்று இரண்டே நிலை. யூசருக்கு எந்த லைப்ரரி என்று பிரிக்கும் வசதி 2025இல்தான் வந்தது, ஆகவே பழைய பதிப்பை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். டவுன்லோடும் ஷேர் லிங்க்கும் சர்வர் முழுக்க உண்டு அல்லது இல்லை, ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது. எல்லாரும் கேட்க மட்டும்தான் என்றால் இது அருமை.

ஜெல்லிஃபின், நேவிட்ரோம் இரண்டில் எதுவானாலும், சர்வர் கம்ப்யூட்டரிலேயே ஃபோல்டர் அனுமதியை இறுக்குங்கள். லினக்ஸ் என்றால் ஃபோல்டருக்கு 750, ஃபைலுக்கு 640 என்ற அனுமதி எண் (சொந்தக்காரர் எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவருக்கு எதுவும் இல்லை), மூலப்பதிவுக்கு எழுதும் அனுமதியே கிடையாது. சர்வர் மென்பொருள் பாட்டு ஃபோல்டரைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி வைத்தால், அட்மின் லாகினே யார் கையிலாவது சிக்கினாலும் பாட்டு அழியாது. வீட்டு ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து வரும் வழியை) திறந்துவிடுவதை விட, உங்கள் கருவிகளை மட்டும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றின் வழியாக வெளியிலிருந்து இணைவது பத்திரம்.

டவுன்லோடைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். காதால் கேட்க முடிகிறதென்றால் இன்னொரு போனில் பதிவும் செய்ய முடியும். இந்தத் தடை, யாரும் யோசிக்காமல் பரப்பிவிடுவதைத் தடுக்கத்தான். பரவவே கூடாத பாட்டு என்றால் அதை ஆன்லைனில் வைக்காமல் இருப்பது ஒன்றே வழி.

ஆறாம் படி: கணக்கு திறப்பது

ஆளுக்கு ஒரு கணக்கு, பொதுக் கணக்கு கிடையாது. கலைஞர்கள் பலர் வீட்டில் ஒரே போன்தான் இருக்கும், பரவாயில்லை, அப்போதும் கணக்கு அவர் பெயரில்தான். பாஸ்வேர்டை நாலு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து வையுங்கள், "முருங்கை தாளம் பாலாறு ஏணி" என்ற மாதிரி, மனதிலும் நிற்கும், ஊகிக்கவும் கஷ்டம். நிர்வாகியின் ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். அந்த ஓடிபி எந்த சிம்முக்கு வருகிறது என்று பாருங்கள், கமிட்டியின் பழைய செயலாளர் நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தால் கணக்கு அவருடையதுதான், உங்களுடையது இல்லை.

கலைஞர்களின் போன் நம்பர், விலாசம் எல்லாம் உள்ள ஷீட்டைப் பாட்டோடு சேர்த்து வைக்காதீர்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு என்று சட்டமே வந்திருக்கிறது, அது இல்லாவிட்டாலும் நம்பரைக் கொடுத்தவர் நம்மை நம்பித்தானே கொடுத்தார்.

ஏழாம் படி: கேட்பவராகப் போய்ப் பாருங்கள்

இதைச் செய்பவர் குறைவு. பிரவுசரில் இன்காக்னிட்டோ திறந்து, கேட்பவர் நிலையில் உள்ள சோதனைக் கணக்கில் நுழைந்து, தேடல் பெட்டியில் ஒப்பாரி என்று தட்டுங்கள். பாட்டு ஓடாவிட்டாலும் பெயர் வந்தாலே தப்பு, இறந்தவர் பெயர் ஃபைல் பெயரிலேயே இருக்கலாம். அடுத்து ஏற்றுபவர் கணக்கில் போய் அ வகையில் ஒன்றை அழிக்க முயலுங்கள். அனுமதி மாற்றிய ஒவ்வொரு முறையும் இதே சோதனை.

எட்டாம் படி: வெளியாள் கேட்டால்

ஆய்வு மாணவர்கள் வருவார்கள், குறும்படம் எடுப்பவர்கள் வருவார்கள். எந்தப் பதிவு, எதற்கு, எத்தனை நாள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முழு லைப்ரரியைத் திறக்காமல், கேட்ட பதிவுகளை மட்டும் தனி ஃபோல்டரில் நகலெடுத்துக் கொடுங்கள். அலுவலகங்களுக்கான கட்டண கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்காக இருந்தால் காலாவதித் தேதி வைக்கலாம், சாதாரண ஜிமெயில் கணக்கென்றால் போன் காலண்டரில் நினைவூட்டல் போட்டு அன்றைக்கு நீங்களே எடுத்துவிடுங்கள். பாடியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள், பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் நேரடியாக அவர்களைப் பேசச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: ஒருவர் விலகும்போது

கூத்துக்காரர் ஜமா மாறுவது சகஜம், அதில் விரோதம் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கே ஆ வகை அனுமதி நிற்க வேண்டும். ஜெல்லிஃபினில் கணக்கை அழிக்காமல் முடக்கி வையுங்கள், அடுத்த வருடம் திரும்பி வந்தாலும் வருவார். டிரைவில் அவர் பெயரை எடுத்த பிறகு, அவர் உருவாக்கிய ஷேர் லிங்க் எதுவும் மிச்சமிருக்கிறதா, அவர் சொந்தக்காரராக உள்ள ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அவருக்குத் தெரிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அவர் ஏற்கெனவே இறக்கிக்கொண்டதைத் திரும்ப வாங்க முடியாது. கேட்டு மனஸ்தாபம் வளர்க்கவும் வேண்டாம், தான் பாடியதைத் தான் வைத்திருக்கட்டும்.

பத்தாம் படி: பராமரிப்பு

ஆடி முடிந்து கூத்துச் சீசன் ஓய்ந்ததும் ஒரு முறை, தை மாதம் ஒரு முறை, யூசர் பட்டியலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒரு வருடமாக உள்ளே வராதவரை முடக்குங்கள். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கில் இந்த அனுமதி எதுவும் கிடையாது, அதைச் செருகியவர் எல்லாவற்றையும் கேட்கலாம், ஆகவே இ வகை இருக்கும் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து (பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காதபடி பூட்டி), இன்னொரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். நிர்வாகி ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டாமவர் வேறு குடும்பமாக, முடிந்தால் வேறு ஊராக இருக்கட்டும், பாஸ்வேர்டு ஒட்டிய கவரில் வாத்தியார் வீட்டு பீரோவில் ஒரு பிரதி.

பாடியவர் காலமான பிறகு குடும்பத்தார் வந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், கேட்கும் அடுக்கிலிருந்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். மூலப்பதிவை மட்டும் உடனே அழிக்காமல் ஈ வகையில் ஆறு மாதம் பூட்டி வைக்கலாமா என்று கேளுங்கள். துக்கம் ஆறிய பிறகு அதே குடும்பம் அந்தக் குரலைக் கேட்டு வருவது உண்டு. வேண்டவே வேண்டாம் என்றால் பேக்கப் டிஸ்க்குகளிலிருந்தும் சேர்த்து அழித்துவிட்டு, அழித்த தேதியை ஷீட்டில் அந்த வரிசைக்கு எதிரே எழுதிவிடுங்கள்.